பூவம்மா எடுத்த தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

பூவம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுவா சூ காங்கில் பன்னிரண்டாவது மாடியில் வீடு. கணவர் பஸ் ஓட்டுகிறார், மகள் கவிப்ரியா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். எங்கள் கம்பெனியில் பதினோரு வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். பழைய தொழிற்சாலை நிலங்களுக்குப் போய், அங்கே தோண்டி வைத்திருக்கும் சோதனைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. கிணறு என்றால் வாளி விடுகிற கிணறு இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் இறங்கும் ஒரு குழாய், அதற்கு ஒரு இரும்பு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. அவ்வளவுதான்.

நான் யதீசன். அவர் கொண்டுவரும் தண்ணீரை வைத்து, தரைக்கடியில் அழுக்கு எந்த வழியாக ஓடுகிறது, எப்போது தீரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுபவன். ஆபீசில் இதற்கு மாடல் போடுவது என்று பெயர். குவீன்ஸ்டவுனில் குடியிருக்கிறேன். ஒரு பாறையையும் கையால் தொடாமல் பதினைந்து வருடம் பாறையைப் பற்றி அறிக்கை எழுதி வந்திருக்கிறேன்.

தண்ணீர் எடுக்கப் போகும் நாளில் பூவம்மா தலையில் பூ இருக்காது. எண்ணெய் இருக்காது. பவுடர், சென்ட், கைக்குப் பூசும் கிரீம் எதுவும் கிடையாது. கொசு கடித்துக் கை தடித்தாலும் கொசு மருந்து தொடமாட்டார். வேனுக்கு எண்ணெய் முந்தின நாளே போட்டாகிவிடும். நாங்கள் தேடுவது லிட்டருக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வரும் சரக்கு. பக்கத்தில் யாராவது வாசனையோடு நின்றால்கூடக் கணக்கு கெட்டுப்போகலாம். அதற்காகவே ஒரு தாள் உண்டு. இன்று சென்ட் போட்டீர்களா, காலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போனீர்களா, உடுத்தியிருப்பது எங்கே துவைத்த துணி என்று வரிசையாகக் கேட்கும். டிக் போட்டுக் கையெழுத்து வைத்த பிறகுதான் கிணற்றைத் திறக்கலாம். அந்தத் தாளை எழுதியவன் நான்தான்.

பதினோரு வருடத்தில் அவர் ஒரு தாளும் தவறவிட்டதில்லை. செவ்வாய், புதன், வியாழன் கிணறு. வெள்ளிக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போய், கேம்பல் லேனில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, கடை வாசலிலேயே நின்று தலையில் வைத்துக்கொள்வார். மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி அப்படி ஒரு அவசரம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

மேற்கே ஒரு பழைய உலோகப் பட்டறை நிலம். முப்பது வருடத்துக்கு முன்னால் அங்கே இரும்புச் சாமான்களின் பிசுக்கை எடுக்க ஒரு திரவம் பயன்படுத்தினார்கள். அது தரைக்குள் இறங்கிவிட்டது. அடியில் மணற்பாறை. பாறையில் வெடிப்புகள் உண்டு, நிலத்தடி நீர் அந்த வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும், திரவமும் அதே வழியில் போயிருந்தது. நான்கு வருடம் பம்ப் வைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு ஐந்து. இறைத்து முடித்தபோது இரண்டுக்கு இறங்கியிருந்தது. பம்ப்பை நிறுத்தினோம். ஒரு வருடம் மூன்று மாதத்துக்கொருமுறை தண்ணீர் எடுத்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் நிலத்தை ஒப்படைக்கலாம். அங்கே குழந்தைகள் காப்பகம் வரப்போகிறது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சரக்கு ஆவியாகித் தரை வழியாக மேலே வரும், குழந்தைகள் தரையில்தான் படுப்பார்கள்.

என் மாடல் சொன்னது: இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமில்லை.

பூவம்மாவின் தண்ணீர் சொன்னது: ஏழு. அடுத்த முறை பதினொன்று. அதற்கடுத்த முறை பதினான்கு.

எனக்குத் தலை கொதித்தது. ஓட்டத்தின் வேகத்தை மாற்றினேன். வெடிப்பின் அகலத்தை மாற்றினேன். மேலே எங்கோ இன்னொரு கசிவு இருக்கிறதென்று வைத்துப் பார்த்தேன். எதற்கும் அந்த மூன்று எண்களும் மசியவில்லை. ஆறு வாரம் இதே கூத்து. வீட்டில் என் மனைவி சயந்தினி, "கீபோர்டை உடைச்சிட்டு வேற வாங்கிக்கோங்க, கதவை விடுங்க," என்று சொல்லும் அளவுக்குக் கதவுகளைச் சாத்தியிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பூவம்மாவின் அண்ணன் அழகர்சாமி லிட்டில் இந்தியாவில் டோபி கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒத்தாசைக்குப் போவதாகப் பூவம்மாவே சொல்லியிருக்கிறார். பட்டறையில் பிசுக்கு எடுத்த அதே திரவத்தில்தான் கோட்டு சூட்டுகளை ட்ரை க்ளீன் செய்வார்கள். அவர் துணியில் ஏறி, துணியிலிருந்து பாட்டிலுக்கு! கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன்.

பிராஜெக்ட் மேனேஜர் அஃப்னாவிடம் சொன்னேன். அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. "மாடல் ஒண்ணு சொல்லுது, தண்ணி ஒண்ணு சொல்லுது. க்ளையண்ட் டெய்லி கேக்கறாங்க. நீங்க ஷ்யூரா?" என்றார். நான் ஷ்யூர் என்றேன்.

பூவம்மாவை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டோம். நிலத்துக்காரர்கள் தரப்பிலிருந்தும் இரண்டு பேர் இருந்தார்கள். பதினோரு வருடம் அக்கா என்று கூப்பிட்டவன், அன்றைக்கு மேடம் என்று ஆரம்பித்தேன்.

"மேடம் பூவம்மா, உங்க அண்ணன் லாண்ட்ரி வச்சிருக்காரு இல்லையா?"

"ஆமா சார். சண்டே போவேன்."

"வேலைக்குப் போடற துணியை அங்கே கொடுக்கிறீங்களா?"

"சில நேரம் அயர்ன் பண்ணிக் கொண்டு வருவேன்." அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் மாறியது. "சார், நான் ஒவ்வொரு ரவுண்டும் ஒரு சுத்தத் தண்ணி பாட்டிலைக் கிணத்துப் பக்கத்துல திறந்து வச்சு மூடி, அதையும் சேர்த்துத்தானே அனுப்பறேன்? என் துணியில இருந்து வந்துச்சுன்னா அதுலயும் வந்திருக்கணும்ல? அதுல ஒண்ணுமே வரலையே சார்."

இதைவிடச் சரியான பதில் கிடையாது. அந்த வேலை தெரிந்த யாரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நான் மூடவில்லை. பாட்டில் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று இங்கிலீஷில் நான்கு நிமிடம் பேசினேன். அவர் நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தார், இரண்டு முறையும் நான் நிறுத்தவில்லை. கடைசியில் அவர் மேசைமேல் இருந்த தன் குறிப்பு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அறிக்கையில் எழுதினேன்: தண்ணீர் எடுத்தவரின் உடை வழியாக மாசு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே மூன்று அளவீடுகளும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே எண்களுக்குப் பதில் மூன்று கோடு. அடுத்த வாரம் அவரை உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் ஸ்டோருக்கு மாற்றினார்கள். வேனையும் கிணறுகளையும் ஷங்கர் என்ற இளைஞனிடம் கொடுத்தார்கள்.

அடுத்த முறை வரை நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஷங்கர் எடுத்த தண்ணீரின் முடிவு வந்தது. பதினேழு.

நான் அப்போதும் திருந்தவில்லை. முதலில் ஷங்கரைக் கூப்பிட்டு, "அன்னைக்கு என்ன டிரஸ் போட்டிருந்தே?" என்று கேட்டேன்.

"புது ஓவரால் சார். கம்பெனி பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டேன். ஏன் சார், ஃபோட்டோ எடுத்தாங்களா?"

அவனை முறைத்து அனுப்பினேன். ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன், அவர்கள் பொறுமையாக மறுபடி சோதித்துப் பதினேழேதான் என்றார்கள். எனக்கு இன்னும் ஒரு பிடி மிச்சமிருந்தது. அந்த டோபி கடை. ஷங்கரின் எண் எப்படி வந்ததோ போகட்டும், பூவம்மாவின் எண்கள் அங்கிருந்துதான் வந்தன என்றாவது தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் அவர் இருப்பார். அதனால் திங்கட்கிழமை மதியம், என் கல்யாணக் கோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி போனேன்.

ஒரு கதவு அகலக் கடை. இரண்டு இஸ்திரி மேசை, உள்ளே இரண்டு வாஷிங் மெஷின். அழகர்சாமி கோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெளிய அனுப்பணும் தம்பி. அஞ்சு நாள் ஆகும்."

"இங்கயே ட்ரை க்ளீன் பண்ணமாட்டீங்களா?"

"அந்த மெஷினை எங்க வைக்கிறது, என் தலையிலயா? இங்க தண்ணி, சோப்பு, அயர்ன் மட்டும்தான். கோட்டு, பட்டு எல்லாம் ஃபேக்டரி வேன் வந்து எடுத்துக்கிட்டுப் போவும், கவர் போட்டு வரும்." கோட்டின் பையைத் துழாவிக்கொண்டே அவர் பேசினார். "என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. அந்தக் கவரைத் தொடவே மாட்டா. வேன் வந்தா வாசல்ல போய் நின்னுக்குவா. அவ வேலைக்கு ஆகாதாம். இப்போ அந்த வேலையை விட்டே மாத்திட்டாங்க, பாவம். ஆனாலும் வேன் வந்தா வாசலுக்குப் போயிடறா."

ரசீது எழுதப் பெயர் கேட்டார். என் பெயரைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஷங்கர் என்றேன்.

அன்று ஆபீசுக்குத் திரும்பி, ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, மாடலின் ஆரம்பக் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். நூற்று நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில் இருந்தது. பாறையின் நுண்துளை: பூஜ்யம்.

அந்தக் கோப்பு இந்த நிலத்துக்கென்று எழுதியது இல்லை. அதற்கு முந்தின வேலை தீவின் வடக்கே, கருங்கல் பாறையில். கருங்கல்லுக்குள் அநேகமாக ஒன்றும் ஊறாது, பூஜ்யம் போட்டால் குற்றமில்லை. புது வேலை வந்தபோது பழைய கோப்பை நகல் எடுத்து, இடத்தின் பெயர், கிணற்றின் ஆழம், நீரின் வேகம் எல்லாவற்றையும் மாற்றினேன். இந்த ஒரு வரியை மாற்றவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் பழைய கோப்பிலிருந்துதான் தொடங்குவோம்.

மணற்பாறை ஊறும். வெடிப்பு வழியாக முப்பது வருடம் அழுக்குத் தண்ணீர் ஓடும்போது, இரண்டு பக்கமும் பாறைக்குள் அது மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. குலாப் ஜாமூனைக் கழுவி நல்ல தண்ணீரில் போட்டுவையுங்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இனிக்கும். அதே கதைதான். நாங்கள் இறைத்த நான்கு வருடமும் வெடிப்பைத்தான் கழுவியிருக்கிறோம். பம்ப் நின்றதும் பாறை தான் குடித்ததைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

பூஜ்யத்தை அழித்து, மணற்பாறைக்குப் புத்தகம் சொல்லும் நூற்றுக்கு ஆறு என்று போட்டு ஓட்டினேன். கோடு மேலே ஏறியது. ஏழு, பதினொன்று, பதினான்கு, பதினேழு. நான்கு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போனது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இவ்வளவு அழகாக ஒரு மாடல் எனக்கு எப்போதும் பொருந்தியதில்லை. பிறகுதான் அந்த நான்கில் மூன்று யாருடைய புள்ளிகள் என்று உறைத்தது.

புத்தகத்து எண் போதாது, அந்த நிலத்துப் பாறையையே சோதிக்கவேண்டும். கிணறு தோண்டும்போது எடுத்த பாறைத் துண்டுகள் உட்லண்ட்ஸ் ஸ்டோரில் இருந்தன. புதன்கிழமை காலை போனேன்.

பூவம்மா மேசையில் உட்கார்ந்து கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலை நிறைய மல்லிகை. புதன்கிழமையில் அவரைப் பூவோடு நான் பார்த்ததே இல்லை. நான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"இப்போ என்னைக்கு வேணும்னாலும் வைக்கலாம் சார்," என்றார்.

பாறைப் பெட்டி வேண்டும் என்றேன். எந்த நிலம் என்று சொன்னதும் எழுந்து போய், இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஒன்று நான் கேட்டது. இன்னொன்று வடக்கே கருங்கல் வேலையினுடையது, நான் கேட்காதது. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இரண்டிலும் ஒரு துளி விட்டார். கருங்கல்லின்மேல் துளி உருண்டையாக நின்றது. மணற்பாறையின்மேல் விட்ட துளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இல்லை. ஈரக் கறை மட்டும் இருந்தது.

"இங்க வந்த மூணாவது நாளு கை கழுவிட்டு இதைத் தூக்கினேன் சார். அப்பவே தெரிஞ்சுச்சு. யார்கிட்ட சொல்றது? துணியில இருந்து வருதுன்னு எழுதிட்டீங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், நகல், ஷங்கரின் பதினேழு, அண்ணன் கடைக்குப் போனது, கள்ளப் பெயர் கொடுத்தது. சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு என்மேல் வந்த எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது, யாராவது கேட்டிருந்தால் நான் அவரைத் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில், "சாரிக்கா," என்றேன்.

"என் அண்ணன் கடைக்குப் போயிருக்கீங்க. ஷங்கர் துணியைக் கேட்டிருக்கீங்க. லேபுக்குப் போன் போட்டிருக்கீங்க." அவர் விரல்விட்டு எண்ணினார். "என்கிட்ட மட்டும் தனியா ஒரு வார்த்தை கேக்கலை. பதினோரு வருஷம் சார்." கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. "சாரி எல்லாம் வேணாம். எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதுங்க. அந்த மூணு கோட்டை எடுத்துட்டு என் நம்பரைப் போடுங்க. ஏன் எடுத்தீங்கன்னும் போடுங்க."

அஃப்னாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாடல் அப்டேட் பண்ணோம்னு ஒரு லைன் போதும்லா யதீசன். துணி கதையை எதுக்குத் திரும்பக் கிளறணும்? நம்மளோட மத்த ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க."

"சந்தேகப்படட்டும். எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு," என்றேன்.

எழுதினேன். முன் அறிக்கையில் தண்ணீர் எடுத்தவர்மேல் சொன்னது தவறு, தவறு மாடல் போட்டவருடையது, மூன்று அளவீடுகளும் சரியானவை என்று அவர் பெயரையும் என் பெயரையும் போட்டு எழுதினேன். காப்பகத்துக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். என் பழைய மாடல்களையெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் வந்து வரி வரியாகப் பார்க்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். அவர் கேட்கிற தொனி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்த மீட்டிங்கில் நான் கேட்ட தொனி அதுதான் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பூவம்மாவுக்கு வேனைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நிபந்தனை போட்டார்: அடுத்த முறை மாடல் போடுகிறவரும் கிணற்றுக்கு வரவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது, கொசு பிடுங்கியது. பூவம்மா தலை வெறுமையாக, நீளக்கைச் சட்டையோடு வேனிலிருந்து இறங்கினார். கிணற்றின் பூட்டைத் திறக்கும் முன் தன் தாளில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு அட்டைப் பலகையிலிருந்து இன்னொரு தாளை உருவி என்னிடம் நீட்டினார்.

"கவிப்ரியா டைப் பண்ணிக் கொடுத்தா. உங்களுக்கு."

நான் எழுதிய தாளின் அதே அமைப்பு, அதே கட்டங்கள். மேலே, முந்தைய அறிக்கைக்காக என்று போட்டிருந்தது. இந்த எண் எந்தப் பாறையிலிருந்து எடுக்கப்பட்டது? வேறொரு நிலத்துக் கருங்கல் என்று எழுதினேன். அந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்தீர்களா? இல்லை. எண் பொருந்தாதபோது முதலில் யாரைச் சந்தேகப்பட்டீர்கள்? கட்டம் சின்னதாக இருந்தது, அவர் பெயர் அதில் சரியாகப் பொருந்தியது. சந்தேகப்பட்டவரிடம் தனியாகக் கேட்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல் நீளப் பாட்டிலை வாய்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் குமிழி ஓடியது. உள்ளே காற்று இருந்தால் அளவு கெடும், அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார்.

நான் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

"கீழ கையெழுத்தும் தேதியும் சார்," என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தன் தாளோடு சேர்த்துக் கிளிப் போட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் ஐஸ் பெட்டிக்குள் பாட்டில்களின்மேல் வைத்து மூடினார்.